புதன்கிழமை விடுமுறை

1969 ஆகஸ்ட் 27, புதன். முற்பகல் 11.40.

வேதாரண்யத்துக்கு வடக்கே, சவுக்குத்துறை என்ற மீனவக் குப்பத்தின் மணலில் ஒரு வள்ளம் தானாக வந்து ஒதுங்கியது. உள்ளே, குவிந்த வலையின் மேல் உலகநாதன் மல்லாந்து கிடந்தார். வயது முப்பத்தெட்டு. மார்பில் ஒரே ஒரு குண்டுக் காயம். வள்ளத்தில் கீறல்கூட இல்லை.

சுட்டது இலங்கைக் கடற்படைதான் என்று ஊர் உடனே முடிவு கட்டிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று மாதங்களாக எல்லைக்கு அப்பால் இலங்கை ரோந்துப் படகுகள் துப்பாக்கிப் பயிற்சி நடத்தின. கள்ளத்தோணிகளை இந்தியா வேண்டுமென்றே அனுப்புகிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். பயிற்சி என்ற பெயரில் எல்லையை நகர்த்தப் பார்க்கிறார்கள் என்று இவர்களுக்குச் சந்தேகம். ஜூலையில் வயர்லெஸ் மூலம் ஒரே ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போயின: வார விடுமுறை நாளில் பயிற்சி கிடையாது, மற்ற நாள்களில் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை மீனவர் அந்தக் கடலில் இருக்கக் கூடாது.

புதன்கிழமை விடுமுறை அல்ல. பிறகு உலகநாதன் ஏன் போனார்?

மாலை 4.15. பாபநாசத்தில் குறுவை அறுவடைக் கூலித் தகராறுக்குப் போட்ட பந்தோபஸ்திலிருந்து இன்ஸ்பெக்டர் செல்லதுரை அவசரமாக அழைத்துவரப்பட்டார். ஒல்லியான மனிதர். குறைவாகப் பேசுவார். கடற்படை அதிகாரி இராஜாங்கம் ஒரு காகிதத்தை நீட்டினார். இலங்கையின் பதில்.

"இன்று எங்கள் வார விடுமுறை. எந்தப் படகும் துறைமுகத்தை விட்டுப் புறப்படவில்லை."

"புதன்கிழமை வார விடுமுறையாம். பொய் சொல்றதுன்னாலும் பொருந்தச் சொல்லத் தெரியல" என்றார் இராஜாங்கம். "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம படகு ரெண்டு கிளம்புது. அவங்க படகு எல்லைக்கிட்ட வந்தா சுடலாம்னு உத்தரவு."

"யாராவது நேர்ல பாத்தாங்களா?"

"நாகநாதன் பாத்திருக்கார்."

நாகநாதன் ஓய்வு பெற்ற ஹவில்தார். கரைக்காவல் தொண்டர் படையின் தலைவர். சர்க்கார் கொடுத்த .303 துப்பாக்கி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பு முழுவதும் அவர் காவலில்தான். அது புறம்போக்கு நிலம். அங்கே குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளை, நாட்டுப் பாதுகாப்புக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, சித்திரையில் அவர்தான் கிளப்பிவிட்டார்.

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"பத்து மணி சார். சாம்பல் நிறப் படகு. பயிற்சிக்கு ஏத்துற சிவப்புக் கொடி பறந்துச்சு. சடசடன்னு சுட்டுட்டுத் திரும்பிட்டான்."

"எவ்வளவு தூரத்துல?"

"மூணு மைல் இருக்கும். கையில பைனாகுலர் இருந்துச்சு."

"கொடி நல்லாத் தெரிஞ்சுதா?"

"கண்ணால பாத்தேன் சார்."

மறுநாள், வியாழன். காலை 7.30.

உலகநாதனின் மனைவி சௌந்தரநாயகி அழுது ஓய்ந்த குரலில் பேசினாள்.

"நேத்து ஏம்மா போனாரு? பயிற்சி நாள்னு தெரியாதா?"

"புதன்கிழமை ஒரு பயமும் இல்லன்னாருங்க. காலையில ரேடியோவை வச்சாரு. எப்பவும் சிலோன்ல சினிமாப் பாட்டுதானே வரும். நேத்து பாட்டே இல்ல. பிக்கு சாமியாருங்க ஓதுறது வந்துக்கிட்டே இருந்துச்சு. அதைக் கேட்டுட்டுச் சிரிச்சாரு. வலையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

செல்லதுரையின் பார்வை சுவரில் தொங்கிய மாதக் காலண்டருக்குப் போனது. பல தேதிகளின் மேல் கரியால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இது என்னம்மா?"

"சுடுற சத்தம் கேக்குற நாளெல்லாம் போட்டு வைப்பாருங்க. ஞாயித்துக்கிழமைகூடச் சுடுறாங்கன்னு ஊரே மனு கொடுத்துச்சு. இவரு மட்டும் அதுல கைநாட்டு வைக்கல."

மூன்று, பத்து, பதினேழு, இருபத்துநான்கு. ஆகஸ்டில் அதுவரை வந்த எல்லா ஞாயிறுகளிலும் குறி இருந்தது. இருபத்தாறாம் தேதி வரை ஐந்து, பதின்மூன்று, இருபது ஆகிய மூன்று தேதிகள் மட்டும் வெறுமையாக இருந்தன. செல்லதுரை அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

காலை 9.00. கான்ஸ்டபிள் பக்கிரி எழுதிய விசாரணைக் குறிப்புகளை அவர் புரட்டினார்.

"தோப்புக்குப் பக்கத்து வயல்ல நேத்து ஆளுங்க இல்லையா?"

"இருந்தாங்க சார். கூலி கேட்டு வரப்புல உக்காந்திருந்தாங்க. பொன்னுத்தாய்னு ஒரு பொம்பள என்னமோ சொன்னா. கொடி புடிக்கிற கூட்டம் சார். மிலிட்டரிக்காரர் மேல அவங்களுக்குக் காட்டம். அதான் எழுதல."

"கூட்டிட்டு வாங்க. வேணாம், நானே வரேன்."

பொன்னுத்தாய் வரப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நேத்தே சொன்னேனுங்க. ஒரே வெடி. கடல்லேர்ந்து இல்ல, தோப்புக்குள்ளேர்ந்து. நாங்க வேலை செய்யாம சும்மா உக்காந்திருந்தோம், அதனால சுத்தமாக் கேட்டுச்சு."

"இடத்தைக் காட்டுவியாம்மா?"

"உள்ள போனா நாகநாதன் அய்யா சுட்டுப்புடுவேன்னு சொல்லியிருக்காரு."

"நான் கூட வரேன்."

காலை 10.20. தோப்பின் கடலோர விளிம்பில், சவுக்குச் சருகுக்கு அடியில் பக்கிரியின் கையில் ஒரு .303 பித்தளைத் தோட்டாக் கூடு அகப்பட்டது. அங்கிருந்து நீர்விளிம்பு அறுபது கஜம்.

பகல் 12.10. செல்லதுரை இராஜாங்கத்திடம் திரும்பினார்.

"சார், அவங்க பதில் பொய்யின்னு சொன்னீங்க. வார விடுமுறை என்னிக்குன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமைதான். இதைப் போய் யாராவது கேப்பாங்களா?"

"கேளுங்க சார். ஆகஸ்ட் மாசத் தேதிகளை வரிசையா அனுப்பச் சொல்லுங்க."

"அவங்ககிட்ட நாம கேக்கறதா?"

"ஆறு மணிக்குச் சுடப்போறோம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது."

இராஜாங்கம் அரை மணி நேரம் யோசித்தார். பிறகு அனுப்பினார். 1.25க்குப் பதில் வந்தது: ஐந்து, பதின்மூன்று, இருபது, இருபத்தேழு.

மாலை 3.00. கடற்படைக் கூடாரத்தில் நாகநாதன் விறைப்பாக நின்றார்.

"உக்காருங்க" என்றார் செல்லதுரை. "இலங்கையில மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை வேலை நாள். அங்க வார விடுமுறை சந்திரனைப் பாத்து வருது. பௌர்ணமி, அமாவாசை, நடுவுல ரெண்டு அஷ்டமி. போயா நாள்னு பேரு. நேத்து பௌர்ணமி."

நாகநாதன் உட்காரவில்லை.

"நாம விடுமுறைன்னா ஞாயிறுன்னு எடுத்துக்கிட்டோம். அவங்க போயான்னு எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் விளக்கம் கேட்டுக்கல. ஞாயித்துக்கிழமை சுட்டப்ப வாக்கு மீறிட்டான்னு நாம எழுதினோம். நம்ம படகு வேலை நாள்ல வருதுன்னு அவங்க எழுதினாங்க. இந்தக் கரையில ஒருத்தருக்குத்தான் விஷயம் புரிஞ்சிருந்துச்சு. உலகநாதனுக்கு. அதனாலதான் பயமில்லாமப் போனாரு. ரேடியோவுல ஓதுறதைக் கேட்டு இன்னிக்குப் போயான்னு உறுதி பண்ணிக்கிட்டாரு."

"அதுக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"நீங்களும் புதன்கிழமை பயிற்சி நாள்னே நம்பினீங்க. பழி அக்கரை மேல விழும், கடல்ல வேற படகு இருக்காது, பாக்க ஆள் இல்லன்னு கணக்குப் போட்டீங்க. ஆனா நேத்து அவங்க படகெல்லாம் துறைமுகத்துல கட்டிக் கிடந்துச்சு. இல்லாத படகுல பறந்த கொடியை நீங்க எப்படிப் பாத்தீங்க?"

நாகநாதனின் பார்வை கூடார வாசலுக்குப் போனது.

"சடசடன்னு சுட்டதாச் சொன்னீங்க. வள்ளத்துல ஒரு ஓட்டைகூட இல்ல. மார்புல ஒரே குண்டு. வரப்புல இருந்தவங்க கேட்டதும் ஒரே வெடி, அதுவும் தோப்புலேர்ந்து. கூடு கிடைச்சிருச்சு. உங்க துப்பாக்கியோட மெட்ராஸுக்குப் போகுது."

நாகநாதன் கேட்டார்: "அவன் பொண்டாட்டி சொன்னாளா?"

"எதை?"

அப்புறம் மறைக்க எதுவும் இல்லை. தோப்பைக் காலி செய்தது நாட்டுக்காக அல்ல. கடத்தல் சரக்கு இறக்க ஆளில்லாத கரை தேவைப்பட்டது. உலகநாதன் இரண்டு முறை பார்த்துவிட்டார். குடிசைக்காரர்களுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் தாசில்தாரிடம் சொல்வேன் என்று நேரிலேயே சொல்லியிருக்கிறார். நேற்றுக் கரை திரும்பும்போது, குண்டு எட்டும் தூரத்தில், தன்னந்தனியாக வந்தார்.

மாலை 5.10. படகுகள் கிளம்பும் உத்தரவு ரத்தானது.

"அவங்களுக்குத் தகவல் சொல்லிடுங்க சார்" என்றார் செல்லதுரை.

"மன்னிப்புக் கேக்க எனக்கு அதிகாரம் இல்ல, இன்ஸ்பெக்டர்."

"நடந்ததைச் சொன்னாப் போதும்."

இராஜாங்கம் மூன்று தடவை எழுதி அடித்தார். கடைசியில் போன செய்தி இரண்டே வரி: மீனவரைக் கொன்றவன் எங்கள் கரையைச் சேர்ந்தவன், பிடிபட்டான். உங்கள் படகுகளுக்குத் தொடர்பில்லை.

6.35க்குப் பதில் வந்தது. யாரும் கேட்காமலே டிசம்பர் வரைக்குமான போயா நாள்களை வரிசையாக அனுப்பியிருந்தார்கள். அதன் கீழே ஒரு கேள்வி இருந்தது.

"இறந்தவரின் பெயர் என்ன?"

இராஜாங்கம் தன் கோப்பைப் புரட்டினார். இரண்டு நாளில் இரு தரப்பும் பதினொரு செய்திகள் அனுப்பியிருந்தன. ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை.

செல்லதுரை பென்சிலை வாங்கித் தானே எழுதிக் கொடுத்தார்.