மூச்சுத்தண்ணீரில் வளர்ந்த புல்

கோமதிநாயகம் வீட்டில் காலையில் முதல் வேலை, இரவெல்லாம் விட்ட மூச்சைப் பிழிந்து எடுப்பது. செவ்வாயில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். படுக்கப் போகும்போது ஆளுக்கொரு பஞ்சுமூடியை மூக்கின்மேல் கட்டிக்கொள்வார்கள். ஈரமுறிஞ்சி என்று அதற்குப் பெயர். மூச்சோடு வெளியேறும் ஈரம் அதில் ஊறி நிற்கும். விடிந்ததும் கழற்றிக் கிண்ணத்தில் பிழிந்தால் ஆளுக்கு அரைத் தம்ளர் தேறும். பூமியில் பல் தேய்ப்பதைப் போல அது ஒரு பழக்கம். அதைப் பற்றி யாரும் பேசுவதுகூடக் கிடையாது.

பிழிந்த தண்ணீரை என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஆள் அந்தஸ்து தெரியும். கீழ்வளையத்துக்காரர்கள் அதைக் குடித்தார்கள். மேல்வளையத்துக்காரர்கள் புல்லுக்கு ஊற்றினார்கள்.

"தாமிரா, உன் பங்கு குறையுதே. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குனியா?" என்று கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார் கோமதிநாயகம்.

"கனவுல சிரிச்சிட்டேம்ப்பா."

"சிரிக்கதெல்லாம் கல்யாணம் முடிஞ்ச பெறவு வச்சுக்க. இப்ப மூக்கால மூச்சு விடு."

மகளின் கனவுக்கே கணக்குக் கேட்ட அந்த மனிதர், காற்று வடிகட்டிப் பிரிவில் மேற்பார்வையாளர். அவர் குடியிருந்த இடம் செவ்வாயின் தரைக்குக் கீழே, பழைய எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த ஒரு பெருங்குகை. குகைக்குள் இரண்டு வளையங்களாக வீடுகள். கீழ்வளையத்தில் விளக்கு வெளிச்சம். மேல்வளையத்தில் ஒளிக்குழல்கள் வழியாக நிஜச் சூரியன் கொஞ்சம் இறங்கும். வெயில் இருந்தால் முற்றம் இருக்கும். முற்றம் இருந்தால் புல் இருந்தாக வேண்டும். ஒரு பெரிய கல்யாணப் பாய் விரிக்கும் அளவுக்குப் பச்சைப் புல்தரை ஒவ்வொரு வாசலிலும் கட்டாயம் என்பது மேல்வளைய நலச்சங்கத்தின் விதி. புல் செத்த வீட்டு வாசலில் சங்கம் மஞ்சள் கொடி நடும். கொடி நட்ட வீட்டுக்காரரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரிக்க மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள்.

ஏன் புல்? பூமி என்றாலே புல்தான் என்று அவர்கள் நம்பினார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் பூமியின் படம் பச்சையாக இருந்தது. முதல் கப்பலில் வந்த விதைகளில் அருகம்புல்லும் இருந்தது. பூமியில் மனிதர்கள் புல்லின்மேல் பிறந்து, புல்லின்மேல் நடந்து, அதைப் பெற்ற பிள்ளைபோலப் போற்றி வளர்க்கிறார்கள் என்பதில் மேல்வளையத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஒருவரும் பூமிக்குப் போனதும் இல்லை.

அடுத்த வீட்டுப் பரமகுரு மட்டும் புல்லைக் கொத்திப் போட்டுவிட்டுத் தொட்டிகளில் கத்தரிச் செடி வைத்தார். அவர் வீட்டில் மஞ்சள் கொடி நட வேண்டும் என்று சங்கத்தில் முதலில் கையைத் தூக்கியவர் கோமதிநாயகம். கொடி நட்டது நட்டபடி இருந்தது. பரமகுரு அதில் துண்டு காயப்போட்டார். அவர் வீட்டிலிருந்து வாரம் ஒருநாள் எண்ணெய்க் கத்தரிக்காய் வாசம் வரும். அன்றைக்கெல்லாம் கோமதிநாயகம் சன்னலைச் சாத்திக்கொண்டு மாத்திரைச் சோறு சாப்பிடுவார்.

இந்த நிலையில்தான் தாமிராவுக்கு வரன் அமைந்தது. பையன் நம்பிராஜன் செவ்வாயின் பனிச்சுரங்கத்தில் பொறியாளன். அவன் அப்பா ஆவுடையப்பன் பூமியில், வள்ளியூர்ப் பக்கம். நிச்சயதார்த்தத்துக்காகவே அவர் அடுத்த கப்பலில் வருகிறார் என்று சேதி. அசல் பூமியில் பிறந்த மனிதர் ஒருவர், தம் வீட்டுக்குச் சம்பந்தியாக! கோமதிநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. கிரகம் விட்டுக் கிரகம் பேசும் கருவியில் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நம்ம வீட்டு வாசல்ல புல்லு உண்டு சம்பந்தி. வாசல் பூராவும் புல்லுதான்."

பேச்சு போய்ச் சேர்ந்து பதில் வர அரை மணிக்கு மேலாகும். அதுவரை அவர் கருவியின் முன்னாலேயே நின்றார்.

"அதுக்கென்ன சம்பந்தி, கவலைப்படாதிய. நான் வரும்போது அதுக்கு ஒரு ஏற்பாட்டோட வாரேன்" என்றது பதில்.

"பாத்தியா வடிவு? புல்லுன்னதும் மனுசனுக்கு எம்புட்டு அக்கறை!" என்று மனைவியிடம் பூரித்துப்போனார்.

பூரிப்பு அடங்குவதற்குள் தூசிக்காலம் வந்தது. மேலே தரையில் புழுதிப்புயல் கிளம்பிச் சூரியத் தகடுகளை மூடியது. மின்சாரம் குறைந்தது. வளையத்தில் கதகதப்பைப் பங்கு வைத்துக் கொடுத்தார்கள். கோமதிநாயகத்தின் புல் முதலில் வெளிறியது, பிறகு பழுப்பானது, பிறகு பழைய துடைப்பம்போல் தரையோடு படுத்துக்கொண்டது.

அருகம்புல் வெயில்காலத்துப் புல். குளிர் தட்டினால் வேரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு தூங்கிவிடும். சூடு திரும்பினால் தானாக எழுந்துகொள்ளும். அதற்கு அப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யாரும் அதைத் தொடாமல் இருப்பது. கோமதிநாயகத்தால் முடியாத காரியமும் அது ஒன்றுதான். அவர் தண்ணீர் ஊற்றினார். தூங்குகிற புல் குடிக்கவில்லை. தண்ணீர் தேங்கிப் பூஞ்சை பிடித்தது. பூஞ்சைக்கு உப்புக்கரைசல் தெளித்தார்; ஓரங்கள் கருகின. கருகியதை வெட்டினால் துளிர்க்கும் என்று யாரோ சொல்ல, வீட்டுவேலைக்கு இருந்த ஏவலன் என்ற இயந்திரத்தைவிட்டு ஒட்ட மழித்தார். முற்றம், மொட்டை போட்டு மறுவாரம் முள்முடி முளைத்த தலைபோல் ஆயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பரமகுரு எட்டிப் பார்த்தார். "என்ன வே நாயகம், புல்லைப் பழனிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தீரா?"

"கத்தரிக்கா திங்குத வாய்க்குப் புல்லைப் பத்தி என்ன வே தெரியும்?"

"தெரியாதுதான். வயித்துக்குத் தெரிஞ்சது போதும்னு இருக்கேன்."

மறுநாள் கோமதிநாயகம் தாமிராவின் அறையில் இருந்த சூட்டுவிளக்கைக் கழற்றிக்கொண்டுவந்து புல்லுக்கு மேலே கட்டினார். தாமிரா இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு மூக்கு நுனி சிவக்கக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வடிவு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"பிள்ளை குளிர்ல வெறச்சுக் கெடக்கு. புல்லுக்கு நான் வேணும்னா ஒரு கம்பளிச் சட்டை பின்னித் தரட்டுமா?"

"வெளையாடாத வடிவு. பூமிக்காரர் வாராரு. வாசல்ல இந்தச் சக்கையை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட வாங்கன்னு சொல்லுவேன்?"

"அவுகளுக்கு என்னையத்தானப்பா பிடிச்சிருக்கு?" என்றாள் தாமிரா.

"பையனுக்கு உன்னையப் பிடிச்சிருக்கு. அவங்க அப்பாவுக்கு நம்ம வீட்டைப் பிடிக்கணும்லா? புல்லைக்கூடக் காப்பாத்தத் தெரியாத வீட்டுல பொண்ணெடுக்கணுமான்னு கப்பலைத் திருப்பிட்டா? போ, போயி நல்லா மூச்சு விடு."

ஒருவழியாகப் புயல் ஓய்ந்தது. தகடுகள் திறந்தன, கதகதப்பு திரும்பியது. புல்லும் எழுந்தது. இத்தனை சித்திரவதையையும் தாங்கிக்கொண்டு, அது பாட்டுக்கு முடிச்சு முடிச்சாய்த் துளிர்த்து, கொடி வீசித் தரையைப் பிடித்தது. கோமதிநாயகம் அதைத் தம் உழைப்பின் பலன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சங்கச் செயலாளரே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பூமி தோத்துது போம்" என்றார். அதற்கப்புறம் மூன்று நாள் கோமதிநாயகத்தின் கால் தரையில் படவில்லை. புல்லின்மேல் படவே இல்லை, வீட்டார் காலையும் படவிடவில்லை.

கப்பல் வந்தது. ஆவுடையப்பன் வந்தார். நல்ல கட்டையான மனிதர்; சிரித்த முகம்; தோளில் துண்டு. கையில் நீளமாகச் சுருட்டிக் கட்டிய ஒரு பொதி. வாசலில் நின்று புல்லைப் பார்த்தார். கோமதிநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஏயப்பா, நல்லா மண்டிக் கெடக்கே!" என்றார் ஆவுடையப்பன்.

கோமதிநாயகத்தின் கண் கலங்கிவிட்டது. பூமிக்காரர் வாயால் பாராட்டு! அன்றைக்கு வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் நிச்சயதார்த்தப் பலகாரம் வாங்கக் கோமதிநாயகமும் வடிவும் தாமிராவைக் கூட்டிக்கொண்டு அங்காடிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு, வேர்க்க விறுவிறுக்க வாசலில் நின்றிருந்தார். முற்றத்தில் வெறும் செம்மண். புல் முழுவதும் வேரோடும் மண்ணோடும் பிடுங்கப்பட்டு, வேலியோரம் குப்பையும் கழிவுநீரும் இறங்கும் கழிவுவாய்க்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்றார் அவர் மலர்ந்த முகத்தோடு. "கல்யாண வீட்டு வாசல்ல இப்பிடியா களை மண்டிக் கெடக்கும்? பாவம், உங்களுக்கு வேலையோட வேலை, ஒழியலை. அன்னைக்குப் பேசும்போதே வெக்கத்தை விட்டுச் சொன்னியளே, எனக்கு மனசு கேக்கலை. எனக்கும் சும்மா இருந்தா கை நிக்காது. வேரு என்னமா ஓடியிருக்குங்கிய! பிள்ளையாருக்கு மட்டும் ஒரு பிடி எடுத்து வச்சிருக்கேன். எங்க ஊர்ல இதைக் கோயில் வாசல்ல காசு குடுத்துல்லா வாங்கணும்."

கோமதிநாயகத்தின் கையிலிருந்த பலகாரப் பொட்டலம் நழுவியது. வடிவு அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை.

"உங்க வீட்டு வாசல்ல... புல்லு?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"நம்ம வீட்டுலயா!" ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாசல்லயிருந்து புறவாசல் வரைக்கும் சிமெண்டு, அதுக்கு மேல டைல்ஸ். ஒரு அடி மண்ணு பாக்க முடியாது. எங்க தெருவே அப்பிடித்தான்."

மழை என்ற ஒன்றைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த தாமிரா கேட்டாள். "அப்ப மழைத் தண்ணி எங்க மாமா போகும்?"

"ரோட்டுக்கு ஓடிரும்லா தாயி. வீட்டுக்குள்ள தேங்காது."

"அப்ப தண்ணிக்கு?"

"அதுக்குத்தான் லாரி வருதே."

தாமிரா தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் தம் பொதியின் கட்டை அவிழ்த்து, செம்மண்ணின்மேல் உருட்டி விட்டார். பளபளவென்று, ஒரே உயரமாக, ஒரே பச்சையாக ஒரு பிளாஸ்டிக் புல்பாய் விரிந்தது. "இதான் நான் சொன்ன ஏற்பாடு. இப்ப எங்க பக்கம் மாடி, வாசல், ஆஸ்பத்திரி எங்க பாத்தாலும் இதான். தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம். உசிரு இல்லை பாருங்க, அதனால சாகவும் செய்யாது."

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். அதற்குள் சங்கச் செயலாளர் வந்துவிட்டார். அவர் பாயின் ஓரத்தில் முழங்காலிட்டு, விரலால் தடவி, "பூமியிலயிருந்தா?" என்று கேட்டார். குரலில் பக்தி இருந்தது. வீதியில் போனவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள். பழுப்பே இல்லை, பூஞ்சை இல்லை, குட்டை நெட்டை இல்லை. பாடப்புத்தகத்துப் பூமிகூட இத்தனை பச்சையாக இல்லை. கோமதிநாயகம் திறந்த வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது, "ஆமா, நம்ம சம்பந்தி கொண்டாந்தது. அசல் பூமிச் சரக்கு" என்றார்.

கல்யாணம் நிறைவாக நடந்தது. தாமிரா தன் கணவனோடு பனிச்சுரங்கக் குடியிருப்புக்குப் போனாள். அங்கே முற்றம் கிடையாது. மூச்சுத்தண்ணீரை அவளே குடித்தாள். அடுத்த கப்பலில் மேல்வளையம் முழுவதற்கும் புல்பாய் வந்து இறங்கியது. சங்கம் விதியைத் திருத்தியது: வளரும் புல் ஒழுங்கற்றது, ஆகாது. பாயை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்தபடி யோசனை சொன்னார். பணம் புரட்ட முடியாமல் இன்னும் பழைய புல்லை வைத்திருந்தவர்களைக் கண்டால், "இன்னுமா வே உசிருள்ளதைக் கட்டிக்கிட்டு அழுவுதீரு?" என்று உதட்டைப் பிதுக்கினார்.

பாயில் ஒரே ஒரு தொந்தரவு. செவ்வாயின் செம்புழுதி படிந்தால் பச்சை மங்கியது. ஆகவே தினமும் காலையில் கோமதிநாயகமும் வடிவும் மூச்சைப் பிழிந்து கொடுக்க, ஏவலன் அதை ஊற்றிப் பாயைக் கழுவியது. கழுவிய தண்ணீர் பாயில் ஒட்டாமல் வழிந்து, வேலியோரக் கழிவுவாய்ப் பக்கம் ஓடியது.

ஒருநாள் பரமகுரு வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "வே நாயகம், இங்க வாரும். உம்ம புல்லு என் கத்தரித் தொட்டிக்குள்ள வந்துட்டு."

கோமதிநாயகம் போய்ப் பார்த்தார். அன்றைக்குக் குவித்துப் போட்ட புல், யாரும் சீந்தாத இடத்தில், குப்பையிலும் கழிவிலும் காலூன்றி, கைநீளக் கொடிகளாக வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கெஞ்சி வளர்த்தபோது ஒரு நாளும் இல்லாத கரும்பச்சை. நுனியில் துளித்துளியாகத் தண்ணீர் நின்றது.

அவர் ஒரு கணம் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். செயலாளர் வருகிற நேரம். அவசரமாக வேட்டியை மடித்துக் கட்டினார், துண்டைத் தலையில் சுற்றினார், முழங்காலிட்டு வேரோடு பிடுங்க ஆரம்பித்தார். "சனியன், எங்கிட்டுப் போட்டாலும் மொளைக்கு! இந்த இடத்துல முதல்ல சிமெண்டைப் பூசணும்."

கிண்ணத்தோடு வாசலுக்கு வந்த வடிவு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பத்தான் நீங்க அச்சு அசல் பூமிக்காரர் மாதிரி இருக்கிய."

கோமதிநாயகம் நிமிர்ந்தார். முகமெல்லாம் பல்லாக, "நெசமாவா?" என்று கேட்டார்.