தூரேயின் இருபத்தேழு நிமிடங்கள்

எங்கள் வீட்டுக் கணினி அக்டோபர் கடைசியில் செத்துப்போனது. திரையில் ஒரு நீலக் கோடு வந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்பா வேறு வீட்டுக்குப் போய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அதனால் கணினிக்காக எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. அழ வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே அழுது முடித்திருந்தோம்.

அம்மாவின் தம்பி யெஸ்பெர் மாமா புதுக் கணினி கொண்டுவந்து பொருத்தினார். பழையதன் வன்தட்டைக் கழற்றி, அதில் இருந்த அத்தனையையும் புதியதில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, ஏதோ பெரிய சாதனை செய்தவர்போலக் கைகளைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்வேயா, இங்க பாரு. முன்னாடி எல்லாத்தையும் ஒரே நிரலுக்குள்ள போட்டு அடைச்சு வெச்சிருந்தீங்க. அதெல்லாம் இப்போ கிடையாது. பாட்டுக்கு ஒரு ஆப், படத்துக்கு ஒரு ஆப், பேச்சுக்கு ஒண்ணு, புத்தகத்துக்கு ஒண்ணு. எல்லாம் தனித்தனி. எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தியா?"

எனக்குத் 'தனித்தனி' என்ற சொல்லே பிடிக்காது. ஆகஸ்டு மாதம் முழுக்க அந்தச் சொல்லைத்தான் கேட்டேன். தனித்தனி வீடு, தனித்தனிப் பல் பிரஷ். ஒரு வாரம் சாண்ட்விகெனில் அம்மாவுடன், ஒரு வாரம் பக்கத்து ஊரான யேவ்லேயில் அப்பாவுடன். வெள்ளிக்கிழமைதோறும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம், நானும் என் தம்பி தூரேயும். எனக்குப் பதினொரு வயது. அவனுக்கு ஐந்து.

தூரே காரில் அழாமல் வருவதற்கு ஒரு பட்டியல் இருந்தது. பழைய நிரலில் அப்பா அவனுக்காகச் சேர்த்துவைத்த பட்டியல். அதில் பாட்டுகள் இருந்தன. பனி அள்ளும் வண்டியைப் பற்றிய பாட்டு அவனுக்கு உயிர். நகரும் படிக்கட்டைக் கண்டு பயப்படும் காட்டுமானின் வானொலிக் கதை இருந்தது. அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். தூரேயைக் குளிப்பாட்டும்போது ரயில் அறிவிப்புபோலப் பேசிப் பதிவு செய்ததும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, போன கோடை விருந்தில் ஸ்ட்ராபெரி கேக் அப்பாவின் மடியில் கவிழ்ந்த காணொளி இருந்தது. அதில் அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பார்கள்.

மொத்தம் இருபத்தேழு நிமிடம். கழுத்தில் மாட்டும் குட்டி பிளேயரில் அதைப் போட்டுக்கொண்டு தூரே காரில் ஏறுவான். பட்டியல் முடிவதற்கும் மற்ற வீடு வருவதற்கும் சரியாக இருக்கும்.

புதுக் கணினி வந்ததும் பிளேயரை அதில் செருகினேன். தப்பு என்னுடையதுதான். கணினி பிளேயரைத் துடைத்துவிட்டு, தனக்குத் தெரிந்ததை மட்டும் மறுபடி ஏற்றியது. பாட்டுச் செயலிக்குப் பாட்டு மட்டும்தான் தெரியும். கதை போயிற்று, அறிவிப்பு போயிற்று, கேக் போயிற்று.

தூரே யேவ்லே போகும்போது வழி முழுக்க அழுதான். அடுத்த வெள்ளி திரும்பி வரும்போதும் அழுதான், காரில் வாந்தியும் எடுத்தான். அதற்கடுத்த வெள்ளி வந்தது. அதுதான் நான் சொல்ல வந்த நாள்.

அன்று மாலை மூன்றரைக்கே இருட்டிவிட்டது. வெளியே மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ ஒன்று சொதசொதவென்று விழுந்துகொண்டிருந்தது. அப்பா நாலரைக்கு வருவார். மேலே வரமாட்டார், கீழே காரிலேயே இருப்பார். தூரே ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கோட்டுகள் தொங்கும் இடத்தில் கோட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"வெளிய வாடா" என்றேன்.

"வரமாட்டேன். நான் ஒரு கோட்டு."

"கோட்டு பேசுமா?"

"இது பேசும். ஆனா எங்கயும் போகாது."

அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். பாலாடைக்கட்டி துருவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இந்த வாரம் நீ மட்டும் போயிட்டு வாடி. தூரே என்கூட இருக்கட்டும். அப்பாகிட்டயும் பேசிட்டேன். அடுத்த வாரம் நீ இங்க வந்ததும் அவன் அங்க போகட்டும். கொஞ்ச நாள் இப்படி மாத்தி மாத்திப் பாக்கலாம்."

"அப்போ நானும் அவனும் எப்போ ஒண்ணா இருப்போம்?"

அம்மாவின் கை துருவியின்மேல் நின்றது. "வெள்ளிக்கிழமை பாத்துக்குவீங்களே" என்றார் மெதுவாக.

எங்கே பார்ப்போம்? மாடிப்படியில். நான் பையோடு ஏறுவேன், அவன் பையோடு இறங்குவான். அம்மாவைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. அவரும் நன்றாகத் தூங்கி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

நேராகப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

கேக் காணொளி படச் செயலியில், 'வீட்டுப் படங்கள்' என்ற மூலையில் கிடந்தது. காட்டுமான் கதை பேச்சுச் செயலியில் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், 'கேட்டு முடித்தவை' என்று ஒளித்துவைத்திருந்தது. ஒரு கதையை நானூறு தடவை கேட்கிறவர்கள் உண்டு என்பது அதற்குத் தெரியவில்லை.

அப்பாவின் அறிவிப்பை மட்டும் எங்கும் காணோம். பேச்சிலும் இல்லை, பாட்டிலும் இல்லை. கடைசியில் புத்தகச் செயலியில், அம்மாவின் இரண்டு சமையல் புத்தகங்களுக்கு நடுவில் அது உட்கார்ந்திருந்தது. அப்பாதான் அதை ஒலிப்புத்தகம் என்று குறித்துவைத்திருக்கிறார். புத்தகம் என்றால் நிறுத்திய இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். தூரே கேட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து ஓடினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அல்லவா?

எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. கேக்கைப் பாட்டுச் செயலிக்குள் இழுத்துப் போட்டேன். அது வழுக்கிக்கொண்டு திரும்பிப் போனது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் போனது. மாமாவுக்குப் போன் செய்தேன்.

"அது முடியாதும்மா. ஒவ்வொண்ணும் தனி" என்றார் மாமா. "ஒண்ணு பண்ணு. ஒரு ஆப்ல பாட்டு முடிஞ்சதும் அதை மூடிட்டு அடுத்த ஆப்பைத் திறந்துக்கோ."

"கார்ல கணினி இல்ல மாமா."

"அட, ஆமாம்ல." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ பாட்டு மட்டும் கேக்கச் சொல்லு. பாட்டு நல்லாத்தானே இருக்கு?"

போனை வைத்துவிட்டேன். மாமா நல்லவர்தான். ஆனால் சில நேரங்களில் அவரையும் புத்தகச் செயலியில் போட்டு ஒளித்துவைக்கலாம் என்று தோன்றும்.

சும்மா இருக்க முடியாமல் பனி வண்டிப் பாட்டைப் போட்டேன். அது முடிந்ததும் புத்தகச் செயலியைத் திறந்து அப்பாவைப் போட்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடுத்த நிறுத்தம், இடது காது. சோப்பு நுரையைப் பார்த்து இறங்கவும்" என்று அப்பாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

என் பின்னால் ஒரு பூட்ஸ் சத்தம். ஒரே ஒரு பூட்ஸ்.

"அக்கா! வந்துடுச்சா?"

"வரலடா. நான் ஒவ்வொண்ணா அமுக்கிட்டு இருக்கேன். இது நாலு பெட்டியில இருக்கு."

"எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது" என்றான் தூரே.

நான் அவனைப் பார்த்தேன். சரிதானே? காதுக்குப் பெட்டி ஏது? நாலு செயலியில் இருந்து வந்தாலும் ஒலிபெருக்கி வழியாக வெளியே வந்ததும் எல்லாம் ஒரே சத்தம்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மணி மூன்று ஐம்பது. என் போனில் ஒலிப்பதிவைத் திறந்து, ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு தலையணையின்மேல் வைத்தேன்.

"தூரே, உனக்கு வரிசை ஞாபகம் இருக்கா?"

அவன் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "வண்டி, அப்பா, மான், தவளைப் பாட்டு, அப்புறம் கேக்கு. கேக்குக்கு அப்புறம்..."

"போதும் போதும். ஒவ்வொண்ணும் முடியறப்போ அடுத்தது என்னன்னு விரலால காட்டு. வாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தா?"

"விழுங்கிடுவேன்."

ஆரம்பித்தோம். நான் செயலி மாற்றி மாற்றி அமுக்கினேன். தூரே என் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டம் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "இப்போ மான், அக்கா, மான்" என்று என் காதில் ஊதினான். "ஷ்ஷ்" என்றேன். மான் நகரும் படிக்கட்டில் காலை வைக்கும் இடத்தில் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஜன்னலில் மழை அடித்துக்கொண்டே இருந்தது.

கேக் காணொளி தொடங்கியபோது அம்மா துருவியோடு கதவருகே வந்து நின்றார். ஏதோ கேட்க வாயைத் திறந்தவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். அதற்குள் திரையில் கேக் கவிழ்ந்துவிட்டது. அப்பா "ஐயோ, என் ஒரே நல்ல பேன்ட்டு!" என்று அலறினார். கேமராவுக்குப் பின்னால் அம்மா சிரிக்கத் தொடங்கினார். அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

கதவருகே நின்ற அம்மா சிரிக்கவில்லை. சோபாவின் கையில் மெல்ல உட்கார்ந்தார். துருவியை மடியில் வைத்துக்கொண்டார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார், பிறகு இன்னொரு தடவை. எனக்கு அவரிடம் ஓடிப்போக வேண்டும்போல் இருந்தது. ஆனால் அடுத்த பாட்டை அமுக்க வேண்டுமே. தூரேதான் போனான். ஒற்றைப் பூட்ஸோடு போய் அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அங்கிருந்தே எனக்கு விரல் காட்டினான்.

கடைசிப் பாட்டு முடிந்தது.

"இதுக்காகத்தானா அவன் அழுதான்?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"ஆமாம்மா. இதுல நீயும் அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறீங்க. வேற எங்கயும் இல்ல" என்றான் தூரே.

அம்மா எழுந்து, அவன் இன்னொரு பூட்ஸை எங்கே வைத்தான் என்று தேடினார். தூரேயும் வருகிறான் என்று ஆனதும் ஒரே ஓட்டம்தான். பை, தொப்பி, மழைக்கால்சட்டை. போனைத் தலையணையிலிருந்து எடுத்து அப்படியே கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கீழே அப்பா காரை விட்டு இறங்கி நின்றார். என் பின்னால் தூரேயைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீயும் வர்றியாடா?"

"வர்றேன். ஆனா காரோட ஸ்பீக்கர் வேணும்" என்றான் தூரே.

போனைக் காரோடு இணைத்தேன். ஒலிப்பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அதை நிறுத்தினேன். கார் கிளம்பியது. பனி வண்டி, இடது காது, மான். மழைச் சத்தம் உள்ளேயும் கேட்டது, வெளியேயும் கேட்டது. எது எந்த மழை என்று தெரியவில்லை. தூரே அழவில்லை.

கேக் வந்தது. அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"யாரது, மூக்கை உறிஞ்சறது?"

"அம்மா" என்றேன். "இன்னைக்கு."

துடைப்பான் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் போய்வந்துகொண்டிருந்தது. இது ஒன்றும் அவர்களை மறுபடி ஒரே வீட்டில் சேர்க்காது. அந்த அளவுக்கு எனக்கு விவரம் தெரியும்.

"அக்கா!" தூரே திடீரென்று என் கையைப் பிடித்தான். "முன்னாடி 'இப்போ மான்'னு நான் சொன்னது கேட்டுச்சா? நீ ஷ்ஷ்னு சொன்னதும் கேட்டுச்சு! நாமளும் உள்ள இருக்கோம்!"

அப்பாவின் வீட்டுக்கு முன்னால் கார் நின்றது. ஆனால் பதிவு முடியவில்லை. அவசரத்தில் நான் நிறுத்த மறந்த பகுதி ஓடிக்கொண்டிருந்தது. ஜிப் இழுக்கும் சத்தம், பூட்ஸ் சத்தம். பிறகு கோட்டுப் பைக்குள்ளிருந்து அமுங்கியதுபோல அம்மாவின் குரல்: "படி ஈரமா இருக்கும். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க. விட்டுடாதீங்க, என்ன?" கதவு சாத்தும் சத்தம். இரண்டு ஜோடிக் கால்கள் படியிறங்கும் சத்தம், கடைசிப் படிவரைக்கும்.

அப்பா அதுவரை காரை அணைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தன் போனை எடுத்து அம்மாவுக்கு எழுதினார். மெதுவாக, ஒரு விரலால். நான் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தேன்.

'ரெண்டு பேரும் வந்துட்டாங்க. மாத்தி மாத்தியெல்லாம் வேண்டாம். எப்பவும் ரெண்டு பேரும் சேர்ந்தே வரட்டும்.'

நாங்கள் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் அம்மாவின் பதில் வந்துவிட்டது.

'சரி.'