இரண்டாவது தட்டு

நாலு விரல் இடைவெளி விட்டுத்தான் இரும்பு வேலை செய்யும் பிட்டர் சாப்பிடப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடைகளுக்கும் நடுவே ஒரு விரல் நுழைவதே கஷ்டம் போலிருந்தது.

உண்ட மயக்கத்தில் கண் ஏதோ காட்டுகிறது என்று தன்னையே கேலி செய்துகொண்டு தாடைகளை மறுபடி திறந்து வைத்தான். பதினோரு வருஷம் வீட்டுப் பின்கொட்டகையில் சாக்குக்கு அடியில் துருவேறிக் கிடந்த வைஸ் அது. ஒரு மாதமாக மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்து, இன்றுதான் திருகுத்தண்டில் கிரீஸ் பூசி மாட்டியிருந்தான். வெயிலில் தகரக்கூரை முனகியது, மண்ணெண்ணெய் வாடை தொண்டையில் நின்றது, அதற்கடியில் மருந்து வைத்துக் கட்டிய புண்ணின் நாற்றம் போல இன்னொன்றும் லேசாக வந்துகொண்டிருந்தது.

அது அவனுடைய அண்ணனின் வைஸ். இரைச்சலில் பேச்சு எடுபடாது என்று அண்ணன் ஒரு பழக்கம் வைத்திருந்தான். இரும்பைத் தாடைக்குள் வைத்து ஒரு தட்டு. கையை எடுத்ததும் இரண்டாவது தட்டு. அதைக் கேட்ட பிறகுதான் தம்பியான இவன் கைப்பிடியைச் சுற்றி இறுக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு தட்டுதான் கேட்டது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தம்பி முழு பலத்தையும் போட்டுச் சுற்றிவிட்டான். நசுங்கிய கை புரையோடி, எட்டாம் நாள் அண்ணன் போய்விட்டான். 'ரெண்டு தட்டும் கேட்டுச்சு' என்று எல்லோரிடமும் இவன் சொன்னதை, படுக்கையில் கிடந்த அண்ணன் மறுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

பிரஷ்ஷில் ஒட்டியிருந்த கிரீஸை உதற, டப்பா விளிம்பில் இரண்டு முறை தட்டினான் பிட்டர்.

கைப்பிடி கால் சுற்று சுற்றியது.

புது கிரீஸ். வழுக்குகிறது. கனத்தில் தானாக இறங்குகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். சந்தேகம் தீர, சுத்தியலால் பெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான். இம்முறை கைப்பிடி கீழிருந்து மேலே ஏறியது. சட்டென்று பின்னால் நகர்ந்தான்.

"முடிஞ்சுதா தம்பி?"

வாசலில் அண்ணி. வைஸை ஓட வைத்துத் தரும்படி கேட்டதே அவள்தான்.

"தாடையில ஒரு தகடு மட்டும் பாக்கி. நாளைக்கு மாட்டிக்கலாமே அண்ணி."

"ஒரு தகடுக்கு நாளைக்கா? மாட்டிடுங்க, டீ போட்டு எடுத்துட்டு வரேன்." போகத் திரும்பியவள் நின்றாள். "அன்னிக்கு நெஜமாவே ரெண்டு தட்டும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி."

இப்போது எழுந்து ஓடினால் ஏன் என்று கேட்பாள். சொல்ல வேண்டிவரும். அதற்கு இந்த வேலையே மேல். இடது கையைத் தாடைக்குள் விட்டுத் தகட்டைப் பிடித்தான். தகடு உட்கார ஒரு தட்டு போதும். இரண்டாவது கிடையாது. தப்பித் தவறியும் கிடையாது.

டக்.

காத்திருந்தான். எதுவும் அசையவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

கைப்பிடி சுற்றியது.

ஒரு தட்டுக்கே. அவசரமாக. இவன் சுற்றிய அதே வேகத்தில். கையை இழுத்தான். வரவில்லை. வலக்கையால் கைப்பிடியைப் பிடித்தான். கிரீஸ். வழுக்கியது. விரல் எலும்பில் இரும்பு ஏறியது.

"ஒண்ணுதான்!" என்று அலறினான். "அன்னிக்கு ஒரு தட்டுதான் கேட்டுச்சு அண்ணி! ஒண்ணுதான்!"

கைப்பிடி நின்றது.

அண்ணி டீயோடு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்தாள். டம்ளரைச் சிந்தாமல் பெஞ்சில் வைத்தாள். தானாக நின்ற கைப்பிடியை அவள் ஆச்சரியமாகக்கூடப் பார்க்கவில்லை.

"கழட்டி விடுங்க அண்ணி."

அவள் சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

"அண்ணி..."

பெஞ்சில் மெதுவாக ஒரே ஒரு தட்டு.

கைப்பிடியில் ஒட்டியிருந்த கிரீஸில் நாலு விரல் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. பிறகு அது நிதானமாகச் சுற்றத் தொடங்கியது.