உப்புப் பார்க்காத கறி

“மாமி, இதை மனுசர் வாயில வைக்கேலுமோ?”

மிதுஷா கோப்பையைத் தள்ளிய வேகத்தில் சரக்குக் கறி மேசை விரிப்பில் சிந்தியது. தொட்டிலில் கிடந்த குழந்தை திடுக்கிட்டுக் கையை உதறியது.

செல்வமலர் துணியை எடுத்து மஞ்சள் கறையைத் துடைத்தாள். விடியவே எழும்பி மல்லி, மிளகு, உள்ளி எல்லாம் அரைத்து வைத்த கறி. பிள்ளை பெற்ற மருமகளுக்குப் பால் சுரக்கட்டும் என்று ஓகூஸ் நகரத் தமிழ்க்கடையில் சொல்லிவைத்துப் பால்சுறா மீன் எடுப்பித்திருந்தாள். அரைத்த கையில் குறையில்லை, உப்புத்தான் காலை வாரியது. ஒரு நாள் கரித்தது, மறுநாள் உப்பே இல்லை, இன்றைக்குத் திரும்பவும் கரித்தது.

“கூடிப்போச்சோ பிள்ளை? பொறு, தேசிக்காய் விட்டுத் தாறன்...”

“கூடிப்போச்சோ எண்டு என்னட்டை ஏன் கேக்கிறியள்? இந்தாங்கோ, ஒருக்கா நாக்கில வைச்சுப் பாருங்கோ!”

மருமகள் நீட்டிய கரண்டியைப் பார்த்துச் செல்வமலர் ஓர் அடி பின்னால் போனாள்.

“எனக்கு வேண்டாம்... வயிறு சரியில்லை.”

“மூண்டு கிழமையா வயிறு சரியில்லையோ? மீன் இல்லாட்டிச் சோறு இறங்காத ஆள் நீங்கள்! நான் சாப்பிடுற சட்டியில கை வைக்க உங்களுக்கு அருவருப்பு. அதுதானே?”

“மிதுஷா!”

“நீங்கள் சொன்னதைத்தான் சொல்லுறன். ‘அவையின்ர வீட்டில நாங்கள் கை நனைக்கிறேல்லை’ எண்டு கலியாணத்துக்கு முதல் சொன்னனீங்கள்தானே?”

சொன்னாள்தான். அதை மறைத்து என்ன? மகன் துவாரகன் காதலிக்கும் பெண் தங்கள் பகுதி, தங்கள் சாதி ஆட்கள் இல்லை என்று தெரிந்த நாளில், வாயில் வந்ததைக் கொட்டினாள். கணவனை இழந்தவள், ஒரே மகன், ஊர் என்ன சொல்லும் என்ற பயம்! டென்மார்க்குக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும் ஊரின் வாய்க்குப் பயந்தாள் பாவி. பிறகு மனம் மாறி, தானே தாலிக்கொடி செய்வித்துக் கொடுத்தாள். ஆனாலும் கொட்டிய சொல்லை யாரால் அள்ள முடியும்?

துவாரகன் படியிறங்கி வந்தான்.

“அம்மா, அவள் கேக்கிறதில என்ன பிழை? ஒரு வாய் சாப்பிட்டா விசயம் முடிஞ்சுதுதானே?”

செல்வமலர் மகனைப் பார்த்தாள். ஒரு வாய்தான்... அந்த ஒரு வாயைத்தான் அவளால் சாப்பிட முடியாது.

பேரன் பிறந்த நாள் மாலை, ஆஸ்பத்திரியிலிருந்து சட்டி பானையைக் கழுவி வைக்கவென்று ரண்டர்ஸ் நகரத்து இந்த வீட்டுக்குத் தனியாக வந்தபோது தொலைபேசி அடித்தது. வவுனியா அகதி முகாமிலிருந்து தெரிந்தவர் ஒருவர் பேசினார். போரின் கடைசி நாள் ஷெல்லடியில் அவளுடைய தம்பி இரத்தினசிங்கம் போய்விட்டான். உடலைக்கூட எடுக்க முடியவில்லையாம்.

தம்பி என்பது சும்மா பேருக்கு. அவனைப் பெற்ற சில நாளில் தாய் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் கண்ணை மூட, இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். அவனும் மிதுஷாவின் தாய் தவமணியும் சண்டைக்குள் கடைசிவரை ஒரே இடத்தில்தான் அகப்பட்டிருந்தார்கள். பன்னிரண்டு வயதில் சின்னம்மாவோடு டென்மார்க் வந்த மிதுஷா அன்றிலிருந்து தாயைக் கண்டதில்லை. தம்பி போன சேதியைச் சொன்னால் பச்சை உடம்புக்காரி உடனே, “அப்ப என்ர அம்மா?” என்று கேட்பாளே! காய்ச்சல் வந்தால், பால் வற்றினால், யார் பதில் சொல்வது? அதனால் செல்வமலர் மகனுக்குக்கூடச் சொல்லாமல் வாயை இறுக மூடிக்கொண்டாள். இழவு கேட்டவள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்பதால் சமைத்துக் கொடுத்தாளே தவிர நாக்கில் வைக்கவில்லை. மருமகளுக்கு மூலிகை அவித்த வேதுத் தண்ணீர் வார்த்து, துணியால் வயிறு கட்டிவிட்டபின், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

இப்போது சொல்லிவிட்டால் பழி தீர்ந்துவிடும். தன் மானம் திரும்பிவிடும். ஆனால் அந்தப் பிள்ளை?

“நீ நினைக்கிறதை நினைச்சுக்கொள் பிள்ளை,” என்றாள்.

அவ்வளவுதான்! மிதுஷாவின் முகம் சிவந்தது.

“கேட்டியளோ துவா? இல்லை எண்டு ஒரு சொல்லுக்கூடச் சொல்லேல்லை! என்னை ஓகூஸுக்கு, சின்னம்மா வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. என்ர அம்மா பக்கத்தில இருந்திருந்தா எனக்கு இந்தக் கெதி வந்திருக்குமோ...”

அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் செல்வமலர் தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள். துவாரகன் டெனிஷில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பெட்டியை எடுக்கப் போனான். செல்வமலர் தடுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியோடு வந்தாள்.

“போறதெண்டா போ பிள்ளை... வயித்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு போ. கார் குலுங்கினா தையல் நோகும்.”

மிதுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. பிராண்டே ஊரிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்த பழைய சிநேகிதி லூர்தம்மா, கையில் பரிசுப் பையோடு உள்ளே வந்தவள், செல்வமலரைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா... உங்கட தம்பியின்ர விசயம் முகாமில இருக்கிற என்ர தமையன் சொன்னவர். எப்பிடித் தாங்கிறியள் அக்கா!”

செல்வமலர் சொல்லவேண்டாம் என்று கண்ணால் காட்டினாள், தலையை அசைத்தாள். நேரம் பிந்திவிட்டது.

“எந்த விசயம்?” மிதுஷா திரும்பிப் பார்த்தாள். “லூர்தம்மா அன்ரி, மாமாவுக்கு என்ன?”

“ஆண்டவரே... இஞ்சை தெரியாதோ? உன்ர பிள்ளை பிறந்த அண்டைக்கெல்லோ சேதி சொன்னவை பிள்ளை...”

படியில் நின்ற துவாரகன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மிதுஷா மேசையில் ஆறிக்கிடந்த கறியைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள்.

“அதாலதான் மச்சம் தொடேல்லையோ... எனக்குச் சரக்கு அரைச்சுத் தந்துகொண்டு, தனிய இழவு காத்தனீங்களோ மாமி? நான் என்னவெல்லாம் கதைச்சிட்டன்! ஏன் சொல்லேல்லை?”

“அண்டைக்கு அப்பிடிச் சொன்ன வாய்தானே இது. நீ நினைச்சதில பிழையில்லை பிள்ளை. சொல்லியிருந்தா... நீ அடுத்ததா என்ன கேப்பாய் எண்டு எனக்குத் தெரியும்.”

மிதுஷா குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அம்மாவும் அங்கைதானே நிண்டவ...”

“ஓம்.”

“ஏதும் சொன்னவையோ?”

“கேட்டனான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் ராசாத்தி. இருக்கிறா எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.”

மிதுஷாவின் கண்ணீர் பொலபொலவென்று குழந்தையின் தலையில் விழுந்தது. செல்வமலர் பதறிப்போய் ஓடிவந்து தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

“அழாதை பிள்ளை, அழாதை... பால் வத்திப்போகும்!”

மிதுஷா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வத்தினா வத்தட்டும் மாமி! கடையில பால்மா இருக்கு. நீங்கள் அழுங்கோ. உங்கட தம்பிக்கு நீங்கள்தானே அழவேணும்? சத்தமா அழுங்கோ மாமி!”

செல்வமலர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் சரிந்தாள். “ஐயோ... என்ர தம்பி! நான் வளத்த பிள்ளையே!” என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். மிதுஷா தையல் நோவையும் பாராமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையில் குழந்தையும் மறுகையில் மாமியுமாகச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஒருத்தி தம்பிக்காக அழுதாள். மற்றவள், அழலாமா கூடாதா என்று யாரும் சொல்லாத தன் தாய்க்காக அழுதாள்.