குளிக்குமுன் ஒரு கூவல்

மட்டாஞ்சேரியில் ஜுமைலா வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மொட்டைமாடித் தொட்டி எப்போதும் நிறைந்து வழியும். ஆனாலும் மாடி அறையில் ஷவரைத் திறந்தவர்கள் பாதிக் குளியலில் அலறிக்கொண்டு வெளியே வருவார்கள். கீழே எங்கோ ஒரு குழாய் திறக்கும். பச்சைத்தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடும். கீசரின் கொதிநீர் மட்டும் தலையில் இறங்கும்.

அந்த அறையை வாடகைக்கு விட்டுத்தான் ஜுமைலா சாப்பிடுகிறாள். கடைசியாக வந்த விருந்தாளி தோள் கொப்புளித்து, அன்றே வைப்பின் தீவுக்குப் படகேறிப் போய்விட்டார். இன்னொருவர் அப்படிப் போனால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். பிளம்பர் இசக்கிதுரையைக் கூப்பிட்டாள்.

"கீழே யாரு, இத்தா, குழாயைத் திறக்கிறது?"

"வேற யாரு, ஷமீரோட வாப்பாதான்." அவள் சாயாவை ஆற்றினாள். "குளிக்கப் போறவங்க ‘ஞான் குளிக்குவா’ன்னு ஒரு கூவல் போட்டா அவரு தொடமாட்டாரு. பண்டுமுதலே எங்க வீட்டுப் பழக்கம். வர்றவங்க கூவ மாட்டேங்கிறாங்களே."

மகன் ஷமீரின் வாப்பா, அதாவது அவள் கணவர் சலாவுதீன், இறந்துபோனது இசக்கிதுரைக்குத் தெரியும். மையத்து உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஏறாமல், அன்றைக்கு மோட்டாரைச் சரிசெய்ததே அவன்தான். அதனால் வாதாடவில்லை. பிரஷர் பம்பு மாட்டினான். சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் மிக்ஸர் மாட்டினான்.

"இனி அவரு எல்லாக் குழாயையும் திறக்கட்டும் இத்தா. கூவவே வேண்டாம்."

"அப்போ உள்ளே ஆளிருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அது அவன் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. தானே குளித்துப் பார்க்காமல் ஷவர் வேலையை ஒப்படைப்பது அவன் வழக்கமில்லை. நல்ல உச்சிவெயில் நேரம். தாழ்ப்பாள் போட்டான். ஷவரைத் திறந்தான்.

கீழே ஒரு குழாய் திறந்தது. பிறகு இன்னொன்று.

தலைமேல் விழும் தண்ணீர் மாறவில்லை. மிதமான சூடு, ஒரே வேகம்.

கீழே குழாய்கள் மூடின.

படியில் ஈரக் காலடி.

மையத்தைக் குளிப்பாட்டிய அன்றைக்கு வந்த அதே கற்பூர வாசனை.

முகமெல்லாம் சோப்பு, கண்ணைத் திறக்க வழியில்லை. தோளில் விழுந்த தண்ணீர் பாதியாயிற்று. ஷவருக்கடியில் இன்னொருவர் நுழைந்தால் எப்படிக் குறையுமோ, அப்படி.

குளிர்ந்த கை ஒன்று சோப்புக்கு நீண்டது. இசக்கிதுரை கொடுத்தான். பயம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துப் போயிருந்தது.

காதோரம் ஒரு கிசுகிசுப்பு, கொஞ்சம் கூச்சத்தோடு.

"ஒரு வார்த்தை கூவியிருக்கலாமே, இசக்கி."

இப்போது அந்தக் குளியலறைக் கதவில் பலகை தொங்குகிறது: ‘குளிக்குமுன் கூவவும்.’ விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே கூவுகிறார்கள். அறை காலியாக இருப்பதில்லை.

இசக்கிதுரை தோப்பும்படிப் பகுதியில் ஒற்றை அறையில், வாளியும் குவளையுமாகக் குளிப்பவன். ஷவர் கிடையாது, கீசர் கிடையாது. ஆனாலும் தினமும் கூவிவிட்டுத்தான் குளிப்பான். நேற்றுக் காலை மறந்துவிட்டான்.

கண்ணில் சோப்பு. குவளையைத் தேடித் தரையில் துழாவினான்.

யாரோ மொண்டு கையில் கொடுத்தார்கள்.

தண்ணீர் மிதமான சூட்டில் இருந்தது.