ஒரு விரற்கடை

கோமதியம்மாள் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கொண்டுபோய் ஊற்றிய நெய், மகனின் இலையில் விழுந்த மாத்திரத்தில் வெள்ளையாக உறைந்துபோயிற்று. சோற்றில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த ஆவிக்கு நடுவே நெய் மட்டும் சுண்ணாம்புக் கட்டிபோல உட்கார்ந்திருந்ததைத் தில்லைநாயகம் பிள்ளை பின்வாசலில் நின்றபடி பார்த்தார்.

"நெய் காய்ச்சக்கூட மறந்துபோச்சா உனக்கு?"

"கரண்டிக் காம்பு கையைச் சுடுது. வேணும்னா வந்து தொட்டுப் பாருங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. மகன் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. சொன்ன வேலையை ஒருவரும் சொன்னபடி செய்வதில்லை, கேட்ட கேள்விக்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை. போதாததற்கு, ஆனி மாதச் சாரல் மலையை விட்டு இறங்கி வந்து குற்றாலத்துத் தெருக்களிலேயே குடியிருந்தது. பட்டப்பகலில் வீட்டுக்குள் விளக்கு வேண்டியிருந்தது.

குத்தாலிங்கம் ஒரே பிள்ளை. சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பினால், பாறைகளைப் படிப்பதாகச் சொல்லிவிட்டான். "கல்லைப் படிக்கவா கப்பல் ஏறினே? இங்க இல்லாத கல்லா?" என்று அவர் எழுதிக் கேட்டதற்கு, ஒரு பேராசிரியரோடு வடதுருவத்துப் பக்கம் கிரீன்லாந்துக்குப் போவதாகவும், அங்கே மலைக்கு மலை நிரம்பிக் கிடக்கும் பனி ஆறுபோல நகர்வதாகவும், அந்தப் பனியாறு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று கழி நட்டு அளக்கப்போவதாகவும் பதில் வந்தது. அடுத்து வந்தது தந்தி. பனியில் விரிந்திருந்த ஒரு பிளவுக்குள் விழுந்துவிட்டான். இறக்கிய கயிறு எட்டவில்லை. உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்குப் பல வருஷம் காத்திருந்துதான் கருமம் செய்ய வேண்டும் என்றார் புரோகிதர். தில்லைநாயகத்தால் காத்திருக்க முடியவில்லை. துக்கம் கழியாத வீட்டுக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டமாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஐப்பசி விசுத் தேரில் இந்தக் குடும்பத்துத் தலையில் ஏறிய பரிவட்டம், பங்காளி முத்துக்குமாரசாமியின் தலைக்குப் போய்விடும். ஆகவே சிற்றாற்றங்கரையில் தர்ப்பைப் புல்லால் ஓர் ஆள் செய்து, தலைக்கு ஒரு தேங்காய் வைத்து, அதற்குக் கொள்ளி வைத்தார். சாரலில் அது பற்றவில்லை. இடுப்பு வரைக்கும் கருகிப் புகைந்தது. "போதும்" என்று சொல்லி ஆற்றில் தள்ளிவிட்டு முழுகி எழுந்தார். முத்துக்குமாரசாமி குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

மூன்றாம் வருஷம், இந்த ஆனியில், வண்டிக்காரன் உச்சிமாகாளி தென்காசி ஸ்டேஷனிலிருந்து அந்தப் புல் ஆளுக்கு உரியவனை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"சின்னையாதான் ஐயா. ஆனா இவுக ஏறினதுல இருந்து மாடு அடி எடுத்து வைக்க மாட்டேங்கு. இழுத்துக்கிட்டு நடந்தே வந்தேன்."

கோமதியம்மாள் அலறிக்கொண்டு ஓடினாள். தில்லைநாயகம் குறுக்கே கையை நீட்டி மறித்தார். மகன் இல்லை என்று கருமம் செய்து முடித்தாயிற்று. செத்தவன் திரும்பி வந்தால் வந்தபடி வீட்டுக்குள் ஏறிவிட முடியாது. அதற்கு ஒரு முறை உண்டு. நெய் நிரம்பிய பெரிய மண்மிடாவுக்குள் கருவில் இருப்பதுபோல் முழங்காலைக் கட்டி உட்கார்ந்து, முழுகி, மறுபடி பிறந்து வர வேண்டும். தகப்பன் வாசற்படியில் நின்று பெயர் சொல்லி உள்ளே அழைக்க வேண்டும். தாய் முதலில் ஏந்த வேண்டும். அதுவரை அவனை யாரும் தொடக் கூடாது, அவன் வாசற்படி மிதிக்கவும் கூடாது.

அதனால் குத்தாலிங்கம், கல் பாவிய பின்முற்றத்துக்கு அப்பால், தோட்டத்து அறையில் தங்கினான். அறைவாசலில் ஒரு மணையைப் போட்டு வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஈரக் கம்பளிக் கோட்டு. அது காயவே இல்லை.

"ஒரு கரண்டி நெய்யைத் தலையில விட்டாப் போறும், பிள்ளைவாள்" என்றார் புரோகிதர். "சாஸ்திரம் இடம் கொடுக்கறது. பெத்தவ தவிக்கறா பாருங்கோ."

தில்லைநாயகம் சரி என்றிருப்பார். ஆனால் முத்துக்குமாரசாமி அங்கே இருந்தார்.

"கரண்டி போதும்னா கரண்டியே விடும்வே" என்றார் அவர், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "உம்ம வீட்டுல எரிக்கதும் பாதி, பெத்துக்கிடதும் பாதி. ஊருக்குப் பழகிப் போச்சு."

"முழுசாத்தான் செய்வேன்" என்றார் தில்லைநாயகம். "மிடா நிறைய நெய். நீரும் வந்து நின்னு பாரும்."

மிடாவுக்குக் குயவரிடம் சொல்லியாயிற்று. சாரலில் அது காயவில்லை. நெய்க்கு இலஞ்சிக்கும் குத்துக்கல்வலசைக்கும் ஆள் போயிற்று. பாதிப் பேர் எண்ணெய் கலந்து கொண்டுவந்தார்கள், திருப்பி அனுப்பினார். நாள் குறித்தால் மழை கொட்டியது. ஒவ்வொரு பொழுதும் கோமதியம்மாள் முற்றத்து ஓரத்தில் நின்று, "என் பிள்ளைய நான் தொடக் கூடாதா? அப்படி என்ன பொல்லாத முறை அது?" என்று கேட்டாள். ஒவ்வொரு பொழுதும் அவர் எரிந்து விழுந்தார்.

அந்தச் சமயத்தில்தான் முற்றத்துக் கல்லில் கோடுகளைப் பார்த்தார். தோட்டத்து அறையின் படியடியில் தொடங்கி, ஆணி வைத்து இழுத்ததுபோல், இரண்டு கோடுகள். ஒன்றுக்கொன்று விலகாமல் நேராக வீட்டை நோக்கி வந்து, மகன் உட்கார்ந்திருந்த மணைக்கு அடியில் முடிந்தன. அறைவாசலில் போட்ட மணை இப்போது படியிறங்கி முற்றத்தில் இருந்தது.

"ஏலே உச்சிமாகாளி! எதைலே இங்கன இழுத்தே? தாத்தா காலத்துத் தளம்லே இது!"

"நான் இந்தப் பக்கமே வரலை ஐயா. சத்தியமா. எனக்கு இங்கன வந்தா பல்லுக் கிட்டுது."

மறுநாள் கோடு ஒரு விரற்கடை நீண்டிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஒரு விரற்கடை. மணையின் அடிப்பாகம் வழவழப்பான பலாப்பலகை. கல்லைக் கீற அதில் ஒரு ஆணிகூட இல்லை.

பகல் முழுவதும் அருவியின் இரைச்சல் ஊரை மூடியிருக்கும். அதைக் கேட்டே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சத்தமாகவே தோன்றுவதில்லை. ஆனால் இப்போது, சாப்பிட்டுவிட்டு அவர் சாய்ந்திருந்த பிற்பகல்களில், அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. கனத்த அம்மியை யாரோ வெகு பொறுமையாக, நிறுத்தாமல், தரையோடு நகர்த்துவதுபோல. கூடவே கல்லும் கல்லும் உரசினால் வருகிற கருகல் நெடி. எழுந்து போய்ப் பார்த்தால் சாரல். முற்றம். மணையில் மகன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"அந்தப் பிளவுக்குள்ள விழுந்தவன் எப்படிடே வெளிய வந்தே? யாரு தூக்கினா?"

"யாரும் தூக்க வேண்டாம் அப்பா" என்றான் குத்தாலிங்கம். குரல் பழைய குரல்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில்தான் அதிக நேரம் பிடித்தது. "பனியாறு யாரையும் வச்சுக்கிடாது. மேல விழுந்தத அடிவாரத்துல கொண்டு வந்து விட்டுரும். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை. அவசரப்படுத்தவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அடியில சிக்கின கல்லு பாறையில கோடு போட்டுக்கிட்டே வரும். அந்தக் கோட்டப் பாத்தா எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு சொல்லிரலாம். நாங்க அதைத்தான் படிச்சோம்."

"பாடம் கேக்கலைலே உன்கிட்ட. நீ எப்ப வெளிய வந்தேன்னு கேக்கேன்."

மகன் அவரைப் பார்த்தான். அப்போதுதான் கவனித்தார். இத்தனை நாளாகியும் அவன் முகத்தில் ஒரு மயிர் வளர்ந்திருக்கவில்லை.

"இன்னும் வந்து சேரலை அப்பா. வந்துக்கிட்டிருக்கேன்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சுக்குத் தண்ணீர் குடித்தார். கடல் கடந்து போய் மூளை குழம்பிவிட்டது, நெய்யில் முழுகி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கோமதியம்மாளிடம் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

ஒரு வழியாகச் சாரல் சற்று ஓய்ந்த ஒரு முற்பகலில் காரியம் கூடியது. முற்றத்தில், கோடுகள் வந்து நின்ற இடத்திலேயே, மிடாவை வைத்திருந்தார்கள். எங்கே வைக்கச் சொன்னோம், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் கத்தினார். உருக்கிய நெய்யை அண்டா அண்டாவாகச் சுமந்து ஊற்ற, முற்றம் முழுவதும் அந்த மணம் கனத்தது. முத்துக்குமாரசாமி சுவரோரமாகக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். புரோகிதர் மந்திரத்தைத் தொடங்கினார். கோமதியம்மாள் புதுச் சேலை உடுத்தி, ஏந்துவதற்குக் கையை நீட்டியபடியே நின்றாள்.

குத்தாலிங்கம் கோட்டோடு மிடாவுக்குள் இறங்கினான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பொன்னிறமான நெய் கழுத்து வரை ஏறி நின்றது.

"ஒரு தரம் முழுகி எழுந்திருடா குழந்தே" என்றார் புரோகிதர்.

முழுகினான்.

நெய்யின் மேல் வட்டங்கள் பரவின. ஒரு வட்டம் பாதி வழியில் நின்றது. நின்ற இடத்தில் வெள்ளை விழுந்தது. வெள்ளை ஓரம்வரை ஓடியது. ஆவி அடங்கிப்போயிற்று.

"எழுந்திருக்கச் சொல்லும்" என்றார் தில்லைநாயகம். "ஓய், எழுந்திருக்கச் சொல்லும்!"

மந்திரம் நின்றிருந்தது.

மிடாவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். பிறகு இன்னொன்று. ஓடு ஓடாகப் பெயர்ந்து கல்லில் விழுந்தது. உள்ளே இருந்தது விழவில்லை. மிடாவின் உருவத்திலேயே, வெள்ளையாக, வழவழவென்று நின்றது. நடுவில், மங்கலாக, முழங்காலைக் கட்டிய ஒரு நிழல். தலை இருக்கும் இடத்தில் தேங்காய் அளவுக்கு ஓர் இருட்டு. இடுப்புக்குக் கீழே கறுப்பு.

புரோகிதரின் பஞ்சபாத்திரம் உருண்டது. அவர் கொல்லைப்புறமாக ஓடுவது கேட்டது. நெய் சுமந்த ஆட்களும் இல்லை. உச்சிமாகாளியும் இல்லை.

முத்துக்குமாரசாமி மட்டும் சுவரோடு ஒட்டி நின்றார். வாய் திறந்திருந்தது. கண் தில்லைநாயகத்தின் மேல் இருந்தது. அது பயமா, இளக்காரமா? தில்லைநாயகத்துக்கு அந்தப் பார்வையில் ஆற்றங்கரை தெரிந்தது. குடை தெரிந்தது. பாதி கருகிய புல் தெரிந்தது. எரிக்கதும் பாதி. பெத்துக்கிடதும் பாதி.

அவர் பின்வாசற்படியில் ஏறி நின்றார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். முதுகு நிமிர்ந்தது.

"குத்தாலிங்கம்" என்று கூப்பிட்டார். "உள்ள வா."

அம்மி நகரும் சத்தம்.

ஒரு விரற்கடை.

குடை கீழே விழுந்தது. சுவரோரத்தில் இப்போது யாரும் இல்லை.

இன்னும் ஒரு விரற்கடை. மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. நாளுக்கு ஒன்று என்றல்லவா சொன்னான்?

"இனி என்னைத் தடுக்காதீங்க" என்றாள் கோமதியம்மாள்.

"ஏட்டி, வேண்டாம்!"

"முறையெல்லாம் முடிஞ்சுதுல்லா. கூப்பிட்டாச்சுல்லா. நான் ஏந்தணும்லா."

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு கையும் விரிய, கன்னத்தை அந்த வெள்ளையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். "ஐயா, ராசா" என்றாள். "என்னப் பெத்த அப்பா, இப்படிக் குளிருதே உனக்கு" என்றாள்.

பிறகு கையை இழுத்துப் பார்த்தாள்.

மறுபடி இழுத்தாள்.

"வர மாட்டேங்கு" என்றாள், சின்னக் குரலில். "கை வர மாட்டேங்குங்க."

அவர் ஓடியிருக்க வேண்டும். வாசற்படியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கால் வரவில்லை. அவள் விரல்களில் வெளுப்பு ஏறுவதைப் பார்த்தார். வளையல் வரை ஏறியது. முழங்கை வரை. அவள் உதடு துடிப்பது நின்றது. கல்லும் கல்லும் உரசும் நெடி மூக்கை அடைத்தது.

கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிடித்தார். தேக்குக் கதவு. சாத்தினால் போதும். பெயர் சொல்லி அழைத்த பிள்ளை வந்துகொண்டிருக்கும்போது, அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான் என்று இந்தக் குடும்பத்தில் ஒருவனைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கதவைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது.

"கோமதி" என்றார்.

பதில் வர நேரமாயிற்று. வந்தபோது கண் திறக்கவில்லை. கன்னம் அசையவில்லை. அவள் குரல்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில்தான் அதிக நேரம் பிடித்தது.

"வந்துக்கிட்டிருக்கோம்."

சாரல் மறுபடி இறங்கியது. முற்றத்துக் கல்லில் பழைய கோடுகள் இரண்டும் நேராக, விலகாமல், அவர் நின்ற படியை நோக்கி நீண்டன. அவற்றுக்கு இரு பக்கமும், புதிதாக, மெல்லிசாக, இன்னும் இரண்டு. புதுச் சேலையின் கரைக்குக் கீழே அவள் கால்கள் நடக்கவில்லை. கால்விரல் மெட்டிகள் கல்லைக் கீறிக்கொண்டே வந்தன.