பிடி நடுவில் நின்றபோது

விடியற்காலையில் எஞ்சின் மாற்றியபோது, வரவேண்டிய இருட்டு முழுதாக வரவில்லை.

ஆசுபத்திரிக்கு இரண்டு டீசல் எஞ்சின்கள். சுவரிலுள்ள பிடியை மேலே தள்ளினால் பெரியது, கீழே இழுத்தால் சின்னது. நடுவில் நின்றால் எல்லாம் கும்மிருட்டு. ஆறு வருடமாக எஞ்சின் பார்க்கும் வீரகத்திக்கு அந்த இருட்டு பழக்கம். இன்று பிரசவ வாட்டின் கடைசி யன்னல் மட்டும் மங்கலாக மஞ்சளடித்தது. அந்த யன்னலோரக் கட்டிலில் அவன் மனைவி விமலேஸ்வரி. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் இது மூன்றாவது. அரிக்கன் லாம்பாயிருக்கும் என்றான். லாம்புக்கு எண்ணெய் முடிந்து மூன்று நாளென்று தாதி நேசமலர் சிரித்தாள்.

பொழுதுபட வலி முற்றியது. நெடுங்கேணிக்கு அப்பால் றோட்டை வெள்ளம் அறுத்திருந்ததால் வவுனியாவுக்குக் கொண்டுபோக வழியில்லை. வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும், லைற் கண் சிமிட்டவும் கூடாது என்று டொக்டர் சொல்லியனுப்பியிருந்தார். தகரக்கூரையில் மழை கொட்ட, டீசல் மணமும் ஈர மண்மணமும் கலந்து நெஞ்சை அடைக்க, குளத்துத் தவளைகளின் இரைச்சலுக்குள் எஞ்சினின் ஒவ்வொரு அடியையும் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டு நின்றான் வீரகத்தி. நிலைகொள்ளவில்லை அவனுக்கு.

பெரியது இருமியது. டீசலில் தண்ணீர்.

எஞ்சின் மாற்றப்போவதைச் சொல்ல, வாசலில் தொங்கும் இரும்புத் துண்டை இரண்டு தரம் அடித்தான். உள்ளேயிருந்து பதில் மணி வந்தால் டொக்டர் கத்தியை வயிற்றிலிருந்து விலக்கிவிட்டார் என்று அர்த்தம். அதன் பிறகுதான் பிடியைத் தொடவேண்டும். மணி வரவில்லை. எஞ்சின் அடங்கிக்கொண்டே போனது. பயத்தில் பொறுக்காமல் பிடியை நடுவுக்கு இழுத்துவிட்டுச் சின்னதைக் கிளப்பச் சுற்றினான்.

பிடிக்கவில்லை. மறுபடி. இல்லை.

நிமிர்ந்தான். தன் கை தெரிந்தது. சத்திரசிகிச்சை அறையின் பால்கண்ணாடி யன்னலில் நல்ல வெளிச்சம். அப்பாடா என்றிருந்தது. ஒரு கணம்தான்.

எஞ்சின் சத்தம் இல்லை.

மழைக்குள்ளால் நேசமலர் ஓடிவந்தாள்.

"அண்ணை, லைற்றை நிப்பாட்டுங்கோ. கண் கூசுதெண்டு டொக்டர் சொல்லுறார்."

"ரெண்டு எஞ்சினும் நிண்டிட்டுது, பிள்ளை."

அவள் பிடியைப் பார்த்தாள். நடுவில் நின்றது.

"மேலை பல்ப் எரியேல்லை எண்டு நானும் சொன்னனான்," என்றாள் மெல்ல. "அக்கான்ரை வயித்துக்குள்ளை இருந்துதான் வருது."

யன்னல் கூடியது. குறைந்தது. கூடியது. நாடி மாதிரி. வேகமாக.

பிறகு அந்தக் கண்ணாடி முழுக்க, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிய, ஒரு குழந்தைக் கையின் நிழல் விரிந்தது.